சோடு

பள்ளிக்கூடம் போகாமலே பம்பாயில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஆனவன் நான். தாராவியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போது என்னிடம் மரமேறி ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, வளைந்த கால். வெட்டும் கிளையில் கட்டிய கயிற்றைக் கீழே பிடிக்கப் புது ஆள் வந்தால், மேலிருந்து தான் கத்தும் சொற்களை ஒரு நாள் முழுக்கத் தரையில் பழக்காமல் ஏற மாட்டார்.

மாதுங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். கயிறு பிடிக்க வந்தவன் புதிதாய் வந்த வடக்கத்திக்காரன்.

"ஒரு நாள் குடுங்க அண்ணாச்சி, பழக்கிருதேன்."

"கயிறு பிடிக்கக் காலேஜ் படிப்பா வேணும்? ஏறும்வே" என்றேன்.

பாதி அறுத்த கிளையின் கனத்தில் கயிறு நாராய்ப் பிரிந்தது. இன்னொரு கயிறும் சோடி சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, "சோடு! சோடு!" என்று மேலிருந்து கத்தினார். இந்திக்காரன் காதில் அது 'விடு, விடு' என்று விழுந்தது. விட்டுவிட்டான். கிளை திரும்பி அவர் முழங்காலை நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் போய், "பாஷை தெரியாத பயலால வந்த வினை" என்றேன்.

"அவனுக்குத் தமிழ் தெரியாது, சரி. காலையில உங்ககிட்ட நான் எந்த பாஷையில கேட்டேன் அண்ணாச்சி?"