கண்ட என்றால் மணி

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஒன்பது பிள்ளைகள். பெற்றது ஏழுதான், மீதி இரண்டும் என் தங்கச்சி கண்ணை மூடினபோது என் மடியில் விட்டுப்போனவை. முன்பு இந்தப் பத்திரிகையில் ஒருதரம் ஏழு என்றும் இன்னொருதரம் ஒன்பது என்றும் சொல்லிவிட்டேனாம். எது சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் சரிதான்.

வயதை எதற்குச் சொல்கிறேன்? வேறு எதற்கு... பெருமைக்குத்தான்! காலராவைப் பார்த்தவள், பஞ்சத்தைப் பார்த்தவள், வீட்டுக்குள் வந்த நல்லபாம்பை முறத்தால் மூடிவிட்டுச் சோறு வடித்தவள். 'எனக்குப் பயம் கிடையாது' என்று இதே இடத்தில் எத்தனை வாரம் சொல்லியிருக்கிறேன்! நீங்களும் நம்பியிருப்பீர்கள். நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன் – போன புதன்கிழமை வரைக்கும்.

சித்தூர் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஜப்பான்காரன் சென்னைப் பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்கள். திருப்பதிச் சத்திரங்களில் மொட்டை அடிக்க வந்தவர்களைவிட மூட்டையோடு வந்தவர்கள் அதிகமாம். எங்கள் தெருவில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒருத்தி வந்தாள். என் கடைசி மருமகள் கிரேசு. கையில் மூன்று மாசத்துப் பெண் குழந்தை.

என் கடைசி மகன் சாமுவேலுக்குத் துறைமுகத்தில் வேலை. குண்டு விழுந்தால் முதலில் விழுகிற இடம் அதுதான் என்று பட்டணம் முழுக்கப் பேச்சு. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் ரயில் ஏற்றிவிட்டு அவன் அங்கேயே இருக்கிறான். கிரேசு வந்து இறங்கினாளே ஒழிய, அவள் மனசு இன்னும் அந்தத் துறைமுகத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது.

வாசற்படி தாண்ட மாட்டாள். ஆகாசத்தைப் பார்க்க மாட்டாள். அம்மியில் குழவி உருண்டால் திடுக்கிடுவாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

"துன்னும்மே, பால் குடிக்கிற புள்ள இருக்குது" என்பேன்.

"இறங்கலை அத்தை."

சோறு இறங்கவில்லை. அதனால் பாலும் இறங்கவில்லை. குழந்தை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழும். சங்கில் பசும்பால் புகட்டினால் பாதியைத் துப்பிவிடும். கையும் காலும் வெண்டைக்காய்ப் பிஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தாள். "தாய்க்கு நோவு ஒண்ணும் இல்லை. பயம்தான். அது இறங்கினா பால் இறங்கும். ஆனா சீக்கிரம் இறங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீக்கிரம் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஜெபம் பண்ணினேன். அதட்டினேன். என் பாம்புக் கதையைச் சொன்னேன். கிரேசு கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தைரியம் இருக்கு அத்தை" என்றாள். அவ்வளவுதான். என் தைரியம் என்னிடமேதான் இருந்தது. அவளுக்கு ஒரு பொட்டுகூடப் போய்ச் சேரவில்லை.

ஒருநாள் கேட்டாள்: "ஏன் அத்தை, இந்த ஊருக் கோயில்ல மணியே அடிக்கிறதில்லியா? எங்க தெருவுல காலையில மணிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடியும். இங்க ஞாயித்துக்கிழமைகூட சத்தம் இல்லியே. ஆண்டவரே ஊரை விட்டுப் போய்ட்ட மாதிரி இருக்குது."

விஷயம் இதுதான். ஊரில் பெரிய மணி எங்கள் மிஷன் கோயில் மணி ஒன்றுதான். அதனால் ஆகாயவிமானம் வந்தால் எச்சரிக்கையாக அதை அடிப்பது, மற்றபடி அதைத் தொடவே கூடாது என்று விமானத் தாக்குதல் பாதுகாப்புக்கு வந்த ஏ.ஆர்.பி.காரர்கள் உத்தரவு போட்டுவிட்டார்கள். கயிற்றைச் சுருட்டி மேலே கட்டியாகிவிட்டது. ஜனங்களை 'வா' என்று கூப்பிட்ட மணி, இனிமேல் 'வராதே, ஒளிந்துகொள்' என்று சொல்லும்!

இதைப்போய் அவளிடம் சொல்ல முடியுமா? ஏற்கெனவே பயந்துகிடக்கிறவளுக்கு எதற்கு இன்னொரு பயம்? "நாக்கு தேஞ்சிபோச்சும்மே, ரிப்பேருக்குப் போயிருக்குது" என்றேன். மணியின் நாக்கைச் சொன்னேன்.

மறுநாளே வந்தான் தண்டோராக்காரன். தெருக்கோடியில் நின்று தப்பட்டை அடித்துத் தெலுங்கில் கத்தினான்: "சர்ச்சி கண்ட மோகிதே எவரூ பயட்டிக்கி ராகூடதூ...!" கோயில் மணி அடித்தால் ஒருத்தரும் வெளியே வரக்கூடாது என்று அர்த்தம். எங்களுக்குத் தமிழும் தெலுங்கும் வலது கை இடது கை மாதிரி. பட்டணத்துப் பெண்ணுக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் காதில் விழுந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டம் கண்டம்னு சொல்றானே அத்தை! யாருக்குக் கண்டம்?"

முகம் வெளுத்துவிட்டது.

"அய்யே, கண்டம் இல்லம்மே. கண்ட. தெலுங்குல கண்டன்னா மணி. எத்தினி மணிக்குச் சந்தை கூடும்னு சொல்லிக்கினு போறான்."

பாருங்கள், முழுப் பொய் இல்லை. கண்ட என்றால் மணிதான். கோயிலில் அடிக்கிறதும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி. இரண்டு பாஷையிலும் ஆண்டவர் ஒரே மாதிரி வசதி பண்ணி வைத்திருக்கிறார். நான் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன்.

உலையில் அரிசி கொதிக்கிறது. நான் கரண்டியோடு நிற்கிறேன். அடித்தது மணி!

டாண்... டாண்... டாண்... விடாமல் அடிக்கிறது.

காலராவைப் பார்த்தவள், பஞ்சத்தைப் பார்த்தவள் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். 'மேலே ஒரு மறைப்பு இருக்கணும்' என்று ஏ.ஆர்.பி. வார்டன்கள் வீடுவீடாகச் சொல்லிக்கொடுத்தது அந்த நேரத்தில் அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. மருமகளும் கைக்குழந்தையும் ஞாபகம் வந்தார்களா? உள்ளே போன பிறகு வந்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் மனுஷருடைய கால் மட்டும்தான் தெரியும். கிரேசின் கால் அவள் அறையை விட்டு வெளியே வந்தது. நடுங்கவில்லை. மறுபடியும் உள்ளே போனது. திரும்ப வந்தபோது வெள்ளைப் புடவைக் கரை தரையில் உரசியது. கோயிலுக்கு உடுத்துகிற புடவை! அந்தக் கால் நேராக வாசற்படிக்குப் போனது. வந்த நாளாகத் தாண்டாத வாசற்படி.

"கிரேசு! எங்கம்மே போற?"

கால் நின்றது. குனிந்து பார்த்தாள். தோளில் குழந்தை.

"மணி ரிப்பேர் ஆயிடுச்சு அத்தை! அடிக்குது, கேக்கலியா? நீங்க அங்க என்ன தேடுறீங்க?"

"ஊ... ஊசி."

"வந்து தேடிக்கலாம். வாங்க, நேரமாச்சு!"

போய்விட்டாள்.

எழுபத்திரண்டு வயதில் கட்டிலுக்கு அடியில் புகுவது சுலபம். வெளியே வருவதுதான் பிரம்மப் பிரயத்தனம். எப்படியோ புரண்டு வந்தேன். பின்கட்டில் மேஜைக்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த என் மூத்த பேத்தி எஸ்தரிடம், "இங்கியே இரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

தெருவில் ஈ காக்காய் இல்லை. யாரோ போட்டுவிட்டுப் போன பித்தளைக் குடம் ஒன்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கிடந்தது. எதிர்வீட்டு ராஜம்மா ஜன்னலில் ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, "அக்கா! கண்ட மோகுதோந்தி! லோபலிக்கி போ!" என்று அலறினாள். மணி அடிக்கிறது, உள்ளே போ என்கிறாள்.

"தெலுசுலே!" என்றேன். எனக்குத் தெரியாதா? தெரிந்ததுதானே என் கஷ்டம்!

மேலே பார்த்தேன். கறுப்பாக ஒன்று வட்டம் போட்டது. தலையைக் கையால் மூடிக்கொண்டேன். பருந்து.

கிரேசு தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தாள். மூடின கதவுகளுக்கு நடுவில், வெள்ளைப் புடவையில், குழந்தையோடு ஒருத்தி மட்டும். தெரு முழுக்க 'ஓடி ஒளி' என்று கேட்ட அதே சத்தம், அவளுக்கு மட்டும் 'வா' என்று கேட்டது.

திரும்பிப் போகலாமா? யோசித்தேன். ஒளிப்பானேன்? நன்றாகவே யோசித்தேன். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜெபம் பண்ணினேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, எனக்குக் கால் வரலை. அவகூட நீர் போறீர்தானே... நானும் உம்ம பின்னாலயே வரேன்." அவ்வளவுதான். கால் வந்தது. பயம் போகவில்லை, அதுவும் கூடவே வந்தது.

கோயில் வாசலில் என் தங்கச்சி மகன் யோவான் நின்றுகொண்டிருந்தான். நான் வளர்த்த ஒன்பதில் ஒருவன். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், இப்போது ஏ.ஆர்.பி. வார்டன். தலையில் தகரத் தொப்பி, வாயில் விசில். என்னைப் பார்த்ததும் விசில் கீழே விழுந்தது.

"பெரியம்மா! நீங்களுமா? இப்பதான் கிரேசு என்னைத் தாண்டி உள்ள போனா. விசில் அடிச்சேன், தோத்திரம்னு சொல்லிட்டுப் போறா! மணி அடிச்சா வெளிய வரக்கூடாதுன்னு தண்டோரா போட்டோமே!"

"விமானம் எங்கடா?"

"விமானமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது டிரில்லு, ஒத்திகை. ரூல் இன்னா தெரியுமா? டிரில்லுல வெளிய வந்தவங்க செத்துட்டதாக் கணக்கு. நீங்க ரெண்டு பேரும் இப்ப செத்துட்டீங்க பெரியம்மா. மேல நான் ரிப்போர்ட்டு பண்ணணும்."

போன உயிர் வந்தது. உயிர் வந்தால் எனக்கு வாயும் வந்துவிடும்.

"செத்தவள எங்கடா எடுத்துக்கினு போவ?"

"கோயிலுக்குத்தான்..."

"அப்போ வழி விடு."

உள்ளே போனேன். அத்தனை பெஞ்சும் காலி. முன் பெஞ்சில் கிரேசு. முந்தானைக்குள் குழந்தை. பக்கத்தில் போனபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. களக்... களக்... என்று குழந்தை விழுங்குகிற சத்தம். ஒன்பது பிள்ளை வளர்த்தவளுக்கு அதைவிடப் பெரிய சங்கீதம் உண்டா?

"ஏன் அத்தை, இவ்ளோ நேரம் மணி அடிக்குது, ஒருத்தரும் வரலியே? இந்த ஊருல யாருக்குமே பக்தி இல்லியா?"

எனக்குச் சிரிப்பு பொங்கியது. கூடவே பயமும். சொன்னால் பால் நின்றுவிடுமோ? ஆனால் வெளியே போனால் யோவான் சொல்லத்தான் போகிறான். உட்கார்ந்தேன். தண்டோராவைச் சொன்னேன். மணியின் நாக்கு தேயவில்லை, என் நாக்குத்தான் புரண்டது என்று சொன்னேன். இது ஒத்திகைதான் என்று கடைசியில் சொன்னேன்.

கிரேசு கூரையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அவள் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நிஜமாவே விமானம் வந்திருந்தா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

குழந்தையின் தலையைத் தடவினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "பயம் இருக்கு அத்தை. அவரை நெனச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் வரல. ஆனா கோயில் மணி அடிச்சா... கோயிலுக்கு வராம வேற எங்க அத்தை போறது?"

நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பேரும் முழங்கால் போட்டுச் சாமுவேலுக்காக ஜெபம் பண்ணினோம். பண்ணிக்கொண்டே இருக்கும்போது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் யோவான்! தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வார்டன் ஆனதிலிருந்து அவன் ஒரு ஜெபத்துக்கும் வந்தவன் இல்லை. டியூட்டி, டியூட்டி!

அவன் மேலே போய் என்ன சொன்னானோ, பாதிரியார் என்ன சொன்னாரோ... சனிக்கிழமை தாலுகா ஆபீஸ் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார்கள். விமானம் வந்தால் இனி அதைத்தான் அடிப்பார்களாம். எங்கள் மணிக்கு அதனுடைய பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அது அடித்தபோது கிரேசு எனக்கு முந்தி வாசலில் நின்றாள். எதிர்வீட்டு ராஜம்மா மட்டும் இன்னும் மணி கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

சாமுவேல் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறான். யுத்தமும் முடிந்தபாடில்லை. கிரேசு ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிடுகிறாள். குழந்தையின் தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஏ.ஆர்.பி. சொல்வதைக் கேட்காமல் தெருவில் நடக்காதீர்கள். யோவான் என்னைத்தான் திட்டுவான். தண்டவாளம் அடித்தால் நானும் ஒழுங்காகக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். நான் சொல்ல வந்தது வேறு. பயப்படாத மனுஷி ஒருத்தி உண்டு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படி ஒருத்தி இல்லை. பயம் வந்தால் எல்லோரும் ஓடத்தான் செய்கிறோம். யாரிடம் ஓடுகிறோம்... விசுவாசம் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

போதும் எஸ்தரு, பேனாவை வை. இன்னா எழுதினன்னு மொதல்ல இருந்து ஒருவாட்டி படி, ஆயா கேக்கறேன். கட்டிலுக்கு அடியில போன எடம் வருதே, அத மட்டும் சத்தம் போடாம மெதுவாப் படி – உங்க சித்தி நான் ஊசி தேடினதாத்தான் இன்னும் நெனச்சிக்கினு இருக்கா!