ஆள் இல்லாமல் இறங்கிய ஃபோர்க்லிஃப்ட்

1. சம்பவம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்புத் துறைத் தலைவராக இருந்தபோது, ஓர் ஆயுத பூஜையன்று காலை பதினொரு மணியளவில், ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இல்லாத நிலையில் லோடிங் ரேம்ப்பிலிருந்து பின்பக்கமாக இறங்கி, கீழே பூஜைக்கு நிறுத்தியிருந்த எம்.டி.யின் புதிய காரில் மோதி நின்றது. இதை ஏறத்தாழ இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. மாலை போட்டு, சந்தனம் இட்டு, இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கற்பூரப் புகையில் இருக்கை தெரியவில்லை. பூஜை செய்துகொண்டிருந்த குருக்கள் மணியை நிறுத்தாமல், "வண்டி தானா வர்றது பாருங்கோ, அம்பாள் அனுக்கிரகம்" என்றார். கூட்டம் கைகூப்பி வழிவிட்டது. நானும் ஒதுங்கி நின்றேன். அதை மறைத்துப் பயனில்லை.

ஒருவருக்கும் காயமில்லை. காரின் முன்மூடி மட்டும் மடிந்தது. வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் ஃபோர்க்குகளின் மேல் அடுக்கியிருந்த பொரிப் பொட்டலங்கள் ரேம்ப் முழுவதும் சிதறின. எம்.டி. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "டிரைவர் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஓட்டுநர் முனிரத்தினம். ஆரம்பாக்கத்துப் பக்கம் ஊர். எங்களிடம் பதினான்கு ஆண்டுப் பணி. அவர் கையில் ஒரு பொரிப் பொட்டலத்துடன் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார்.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டுதான் எறங்கினேன் சார். சாமி சத்தியமா."

அதற்குச் சாட்சி இல்லை. காரின் மேலிருந்து வண்டியை நகர்த்த வேறோர் ஓட்டுநர் உடனே ஏறிவிட்டார். லீவர் எந்த நிலையில் இருந்தது என்று அவர் கவனிக்கவில்லை.

2. கணக்கு

விசாரணைக் குழுவில் இருவர். எச்.ஆர். மேனேஜர் பாஸ்கரன் தலைவர். தொழில்நுட்ப உறுப்பினர் நான். பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்ஸ் பாடத்தில் முதலாவதாகத் தேறியவன் என்பதும், எங்கள் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக மாதந்தோறும் விசை, உராய்வு, இயக்கம் குறித்து வகுப்பெடுத்தவன் என்பதும் அனைவரும் அறிந்தவை. ஆகவே நான் சொல்வதே முடிவு என்று எம்.டி. கூறிவிட்டார்.

நான் எழுதிய கணக்கு ஒரு பக்கம். சாய்தளத்தின் மேல் ஒரு கட்டம் வரைந்தேன். கட்டத்தின் எடை கீழ்நோக்கி. தளத்தின் எதிர்விசை செங்குத்தாக. உராய்வு விசை மேல்நோக்கி. ரேம்ப்பின் சாய்வு எட்டு டிகிரி. பிரேக் போட்ட வண்டி வழுக்காமல் நிற்க, உராய்வு எண்ணாகிய மியூ 0.14 இருந்தால் போதும். கான்கிரீட்டின் மேல் ரப்பருக்கு மியூ 0.7. தேவையைப் போல ஐந்து மடங்கு. எனவே பிரேக் போட்டிருந்தால் வண்டி நகர்ந்திருக்க இயலாது. நகர்ந்தது. எனவே பிரேக் போடப்படவில்லை. கீழே கையெழுத்து, தேதி.

"சார், இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்" என்று பாஸ்கரன் பணிநீக்கக் கடிதத்தைத் தயாரிக்கச் சென்றார்.

அக்கடிதத்தின் பொருள் எனக்குத் தெரியும். முனிரத்தினத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சரிவில் பிரேக் போடாமல் இறங்கிப் போனவர் என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிய ஓட்டுநரைக் கும்மிடிப்பூண்டியிலோ காட்டுப்பள்ளியிலோ எந்தக் கம்பெனியும் வண்டியில் ஏற்றாது. தெரிந்தும் எனக்குத் தயக்கம் எழவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

3. முனிரத்தினத்தின் ஐயங்கள்

விசாரணையன்று விதிப்படி அந்தப் பக்கத்தை முனிரத்தினத்திடம் காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வண்டி எங்க சார்?"

"அந்தக் கட்டம்தான் வண்டி" என்றேன்.

"வீலு காணமே."

"இந்தக் கணக்குக்குச் சக்கரம் தேவையில்லை."

"ஹேண்ட் பிரேக்க வீலுக்குத்தான சார் போட்றோம். கட்டத்துக்கா போட்றோம்?"

பாஸ்கரன் இருமினார். முனிரத்தினம் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நம்ப வண்டில ஹேண்ட் பிரேக்கு முன் வீலு ரெண்டுக்குத்தான் சார். பின் வீலு ஸ்டியரிங்கு, அது பாட்டுக்கு சுத்திக்கினு கெடக்கும். லோடு இல்லாத வண்டில வெயிட்டு அதிகமா பின்னாடிதான். கவுண்டர் வெயிட்டுன்னு நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க. நான் தூங்கினு இருந்தேன்னு நெனச்சீங்களா?"

அவர் சொன்னது உண்மை. சரிவில் மேல்நோக்கி நிற்கும் வெறும் வண்டியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கே முன்சக்கரங்களில் விழும். பிரேக் பிடிப்பது அந்தப் பங்கு மட்டுமே. அங்கேயே மீண்டும் கணக்கிட்டேன். தேவையான மியூ 0.14 அன்று, 0.35. எனினும் இருப்பது 0.7. இப்போதும் இரு மடங்கு. அதை எடுத்துச் சொன்னபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"காஞ்ச தரைன்னா கரெக்டுதான் சார்" என்றார் முனிரத்தினம். "அன்னிக்கு ரேம்ப்பு பூரா திருஷ்டி பூசணிக்கா ஒடச்சாங்களே. அது மேல ஏத்திதான் நிறுத்தினேன். எச்.ஆர். சாருதான் அங்கயே நிறுத்து, ஃபோர்க்க எறக்காத, பொரி எடுத்துக் குடுக்க தோதா இருக்கும்னாரு."

பூசணிக்காய் என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு பாஸ்கரன், "அப்படின்னா ஏத்தின உடனே வழுக்கி இருக்கணுமே. அரை மணி நேரம் நல்லாத்தான நின்னுச்சு?" என்றார்.

"அது எனக்கு இன்னா சார் தெரியும். மியூ சாரத்தான் கேக்கணும்."

எனக்கு அப்படியொரு பெயர் தொழிற்சாலையில் வழங்கியது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

4. சோதனை

பூசணிக்காயின் மேல் ரப்பருக்கு மியூ எவ்வளவு என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்காகப் பொருள் கோரிப் படிவம் எழுதினேன். பர்ச்சேஸிலிருந்து லதா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், பூசணிக்காய் ரா மெட்டீரியலா, கன்ஸ்யூமபிளா? ரெண்டுல ஒண்ணு போட்டாதான் சிஸ்டம் எடுக்கும்."

"பரிசோதனைக் கருவி" என்றேன்.

"அப்போ காலிபரேஷன் சர்டிஃபிகேட் கேக்கும் சார்."

கன்ஸ்யூமபிள் என்று பதிந்தோம். வந்து சேர்ந்தவை ஆறு பரங்கிக்காய்கள். பொருள் விவரத்துடன் ஒவ்வவில்லை என்று நிராகரிப்புக் குறிப்பு எழுதித் திருப்பினேன். சப்ளையர் எடுத்துச் செல்லாததால் மூன்று நாள் கேன்டீனில் பரங்கிக்காய் சாம்பார். அடுத்த முறை சரியான வெண்பூசணி வந்தது.

இம்முறை தடை பாஸ்கரனிடமிருந்து வந்தது. "சார், செவ்வாக்கிழமை அதுவுமா காரணம் இல்லாம திருஷ்டி கழிக்கக் கூடாது. யாருக்குன்னு ஒடைக்கிறோம்?"

"உராய்வுக்கு" என்றேன். அவர் திருஷ்டி வீட்டார்மேல் படாதிருக்கத் தம் குடும்பத்தினர் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு தள்ளி நின்றுகொண்டார்.

ஆண்டுதோறும் பூசணிக்காய் உடைக்கும் வாட்ச்மேன், மேலே கற்பூரம் ஏற்றாமல் தன்னால் உடைக்க இயலாது, கை வராது என்றார். உண்மை நிலையைத் திரும்ப உருவாக்குவதே சோதனையின் நோக்கம் என்பதால் கற்பூரத்துக்கும் உள்ளே அடைக்கும் குங்குமத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒப்புதல் அளித்தேன். மூன்று முறை சோதனை. மூன்று முறையும் கற்பூரம். மூன்றாம் முறை கேன்டீன் ஆட்கள் சிலர் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

உடைந்த பூசணியின் மேல் டயர்த் துண்டை வைத்து, அதன்மேல் இருபது கிலோ எடை ஏற்றி, சுருள்வில் தராசின் கொக்கியால் இழுத்தோம். ஆறு கிலோவில் நகர்ந்தது. மியூ 0.3. நிற்கத் தேவையானதோ 0.35. வழுக்கியதற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் அரை மணி நேரம் ஏன் நின்றது?

விடை பூஜைப் புகைப்படத்தில் இருந்தது. ஃபோர்க்குகளின் மேல் பேலட் பலகையில் நானூறு பொட்டலங்கள் இருந்தன. பொரி, கடலை, இனிப்பு, தேங்காய் எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றும் ஒரு கிலோ. முன்சக்கரங்களுக்கும் முன்னால் தொங்கும் அந்தப் பாரம் முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தியது. அப்போது தேவை 0.28 மட்டுமே. இருப்பது 0.3. வண்டி நிற்கும். தொழிலாளர்கள் வரிசையில் வந்து ஒவ்வொரு பொட்டலமாக எடுக்க எடுக்க முன்சக்கரங்கள் இலகுவாகி, தேவை ஏறிக்கொண்டே போகும். நூற்று முப்பது பொட்டலம் அளவில் போனதும் 0.3-ஐத் தாண்டும். அப்போது வண்டி கிளம்பும்.

ரேம்ப்பில் இதை நிகழ்த்திக் காட்டினேன். வண்டியைச் சங்கிலியால் தூணோடு பிணைத்துச் சற்றுத் தளர்வு விட்டோம். பாஸ்கரன் தம் கையாலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, லீவரில் சிவப்பு ரிப்பன் கட்டினார். பொட்டலங்களுக்குப் பதில் பத்துக் கிலோ வார்ப்புகள் நாற்பது. ஒவ்வொன்றாக இறக்கினோம். பதினான்காவதை எடுத்தபோது வண்டி அசைந்தது. சங்கிலி இறுகும்வரை வழுக்கி வந்து நின்றது. ரிப்பன் கட்டியபடியே இருந்தது.

"இன்னா சார், இப்பவும் நான்தான் ரிலீஸ் பண்ணேனா?" என்றார் முனிரத்தினம்.

பொரி விநியோகத்துக்குப் பாஸ்கரன் கையெழுத்துப் பதிவேடு வைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதை வாங்கினேன். வண்டி நகர்வதற்கு முன் கடைசிப் பதிவு, எண்ணிக்கை நூற்று முப்பதைத் தாண்டிய பதிவு: "அலுவலகத்துக்கு இருபது பொட்டலம்". கையெழுத்து, பாஸ்கரன்.

5. அறிக்கை

பாஸ்கரன் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

"இது ரிப்போர்ட்ல வேணாம் சார்."

"உண்மை அதுதானே" என்றேன்.

"சரி சார். அப்போ கேட்ல ஒடைக்க வேண்டிய பூசணிக்காய ரேம்ப்ல ஒடைக்கச் சொன்னது யாருன்னும் எழுதணும்."

அதை நான் அன்றுவரை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். தராசுக் கொக்கி ஆறு கிலோ காட்டியபோதே நினைவுக்கு வந்துவிட்டது. முந்தைய ஆண்டு கேட்டருகே உடைத்த பூசணிக்காயில் ஓர் ஊழியரின் இருசக்கர வாகனம் வழுக்கி விழுந்தது. பாதுகாப்புக் குழுத் தலைவன் என்ற முறையில் நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன்: கேட்டருகே உராய்வு குறைந்து வாகனங்கள் வழுக்குவதால், இனி பூசணிக்காயை ரேம்ப்பில் மட்டுமே உடைக்க வேண்டும். சாய்தளம் குறித்துப் பத்தொன்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன், வழுக்கும் பொருளைச் சமதளத்திலிருந்து எடுத்துச் சாய்தளத்தில் போடச் சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

"காரணம் உறுதியாகத் தெரியவில்லைன்னு எழுதிடலாம் சார்" என்றார் பாஸ்கரன். "இவருக்கு டிஸ்மிஸ் வேணாம். கடைசி எச்சரிக்கைன்னு ஒரு லெட்டர். வேலை போகாது. நம்ம ரெண்டு பேருக்கும் பேஜாரு இல்ல." பிறகு முனிரத்தினத்தைப் பார்த்தார். "ரேம்ப்ல ஒடைக்கச் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

முனிரத்தினம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நோட்டீஸ் போர்டுல இன்னாமோ ஒட்டி இருந்தாங்க சார். எனக்குப் படிக்க வராது."

நாள்தோறும் நாஷ்டா நேரத்தில் செய்தித்தாளை உரக்கப் படித்து எல்லாரோடும் வாதம் செய்பவர் அவர். சுற்றறிக்கையோ தமிழில், பெரிய எழுத்தில், நானே பிழை திருத்தி ஒட்டியது. செய்யாத தவற்றுக்குக் கடைசி எச்சரிக்கையைச் சுமந்துகொண்டு அவர் என் பெயரைக் காக்க முன்வந்தார். என் பெயர் அவரால் காக்கப்பட வேண்டிய நிலையை அடைந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே அறிக்கையை எழுதினேன். பிரேக் போடப்பட்டிருந்தது. பூசணிக்காய் உராய்வைக் குறைத்தது. அதை அங்கே உடைக்க ஆணையிட்டவன் நான். வண்டி நின்ற இடத்திலேயே முன்பாரத்தைக் குறைத்தது விநியோக ஏற்பாடு. முதல் கணக்கில் சக்கரங்களைக் கருதாமலும் தரையைப் பாராமலும் ஓட்டுநர்மேல் பிழை சாற்றியவனும் நான். அக்கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். பாஸ்கரன் இரு முறை படித்தார். பிறகு, ஆச்சரியமாக, இருபது பொட்டலங்களைத் தாமே ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த முனிரத்தினம் திங்கட்கிழமை எச்சரிக்கை ஏதுமின்றி வேலைக்குத் திரும்பினார். எம்.டி. என்னை அழைத்து, "உங்ககிட்டருந்து இத எதிர்பார்க்கல சார்" என்றார். பூசணிக்காயைச் சொன்னாரா, அறிக்கையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் எனக்கு மெமோ வந்தது. என் பணிக்காலத்தில் முதல் மெமோ. விளக்கமாக ஒரு வாக்கியமும் மூன்று பக்கக் கணக்கும் கொடுத்தேன்.

"சார், வருந்துகிறேன்னு ஒரு வரி போதும். கணக்கெல்லாம் எதுக்கு?" என்றார் பாஸ்கரன்.

"வருத்தம் என் சொந்த விஷயம். காரணம் கம்பெனிக்கு வேண்டியது" என்றேன்.

இதைப் படிக்கும் இளம் பொறியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மியூவின் மதிப்பைப் புத்தகத்தில் எடுக்கிறோம். அது புத்தகம் எழுதியவரின் தரையில் அளந்த மதிப்பு. உங்கள் தரையில் யாரோ ஒருவர் உங்களுக்கு முன்பே எதையோ உடைத்துவிட்டுப் போயிருப்பார். அவர் நீங்களாகவும் இருக்கலாம். ஒருவரின் வேலையைப் பறிக்கும் கணக்கில் கையெழுத்திடுமுன் அவரையே கேளுங்கள்; அவர் அந்தத் தரையில் நின்றவர்.

நான் ஓய்வுபெற்றபோது, மரியாதையின் பொருட்டு அந்த மெமோவை என் கோப்பிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அதோடு இணைத்திருக்கும் மூன்று பக்கமும் சரியான கணக்கு.