ஆறு மாதமாக அழுக்காகாத விரிப்புகள்

என் சித்தி பதினாறு வருடமாக ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். துவைப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். விடுதிகளிலிருந்து மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை நீளமான மேசையில் கொட்டி, எது எந்த விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்று பிரிப்பது அவள் வேலை. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு நிறத்தில் நூல் தைத்திருக்கும். ஊருக்கு வெளியே கடற்கரையில் உள்ள பெரிய விடுதிக்கு இரண்டு நிறம். சாலைப் பக்க அறைகளுக்குப் பச்சை, கடல் பக்க அறைகளுக்குச் சிவப்பு. கடல் பக்கத்துக் கட்டில்கள் அகலமானவை. நிறம் மாறிப் போனால் அன்றைக்கே புகார் வரும். சித்தியின் மேசையிலிருந்து அப்படி ஒன்றுகூட மாறிப் போனதில்லை.

சித்தப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒருமுறை, டிப்போ குறித்துக் கொடுக்கிற தேதியில், சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு. அந்தத் தேதியில் எடுக்காவிட்டால் போனது போனதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த விடுப்பெல்லாம் கூரை ஒழுகலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் பரீட்சைக்குமே சரியாக இருந்தது. இருவரும் சேர்ந்து எங்கேயும் போய்த் தங்கியதே இல்லை.

இந்த வருடம் போவதென்று முடிவானதற்கு ஒரு விளம்பரத் தாள் காரணம். விடுமுறைச் சலுகைகள் விற்கும் ஒரு நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பு அச்சடித்தது. 'கடல் பார்த்த அறை. மூன்று இரவுகள் தங்க ஓர் இரவின் கட்டணம் மட்டுமே.' படத்தில் இருந்தது அதே கடற்கரை விடுதி.

"பதினாறு வருஷமா அவங்க பெட்ஷீட்டைத் தொட்டுத் தொட்டு வைக்கிறேன். ஒரு தடவையாவது அதுல படுத்துப் பாக்கணுங்க," என்றாள் சித்தி.

"படுத்ததும் மூலையில நூல் இருக்கான்னுதானே தேடுவே?" என்றார் சித்தப்பா.

பணத்தை வங்கி அட்டையில் கட்டி, கூப்பன் வாங்கினாள். விடுப்புத் தேதியைச் சொல்லி அறை கேட்க அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அந்த நாலு நாளும் கடல் பக்கம் ஃபுல் மேடம்."

"அடுத்த மாசம்?"

"அதுவும் ஃபுல். கொஞ்சம் கூடக் கட்டினீங்கன்னா ரோட்டுப் பக்கம் தரலாம்."

"கம்மியான அறைக்குக் கூடக் கட்டணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

மறுநாள் வேலையில் அந்த விடுதியின் மூட்டையைக் கொட்டினாள். பச்சை, பச்சை, எல்லாமே பச்சை. கை நின்றுவிட்டது. தினமும் பார்த்ததுதான், இதுவரை யோசித்ததில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சிவப்பு நூல் கடைசியா எப்ப வந்துச்சு?"

அவர் வரவுப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆறு மாசமா வரலையேக்கா. அந்தப் பக்கம் பூராவும் குழாயைப் பிடுங்கிப் போட்டு வேலை நடக்குதாம். நம்ம வண்டிக்காரர்தான் சொன்னார்."

அதாவது பூட்டிக் கிடக்கிற அறைகளைப் படம் போட்டு விற்றிருக்கிறார்கள். கேட்டவர்களிடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி, கூடுதல் பணத்துக்கு வேறு அறையைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். சித்தி சாயங்காலம் மறுபடி அழைத்தாள்.

"ஃபுல்னு சொன்னீங்களேம்மா, அங்க தங்கியிருக்கிறவங்க ஆறு மாசமா ஒரே பெட்ஷீட்லயா படுத்திருக்காங்க?"

"சிஸ்டம்ல ஃபுல்னுதான் காட்டுது மேடம்."

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "என்னைத் திட்டினா அறை கிடைக்குமா? கேக்க வேண்டிய இடத்துல போய்க் கேளு," என்றார் சித்தப்பா.

நுகர்வோர் குறைதீர்க்கும் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பில் போனாள். நானும் உடன் போனேன். கோப்புகளுக்கு நடுவே இருந்த அதிகாரி அம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அறை இருந்தால் மட்டும்னு கீழே பொடி எழுத்துல போட்டிருக்காங்களே, படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம். திறந்து வச்சிருந்து நிரம்பிட்டா அதைச் சொல்லலாம். பூட்டி வச்ச அறையில இருக்கு இல்லைன்னு என்ன பேச்சு?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இனித் தொலைபேசி வேண்டாம், எல்லாம் எழுத்தில். அதே தேதியில் அதே தரத்தில் வேறு இடம், அல்லது முழுப் பணம் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இன்னொரு கூப்பனை நீட்டினால் வாங்கக் கூடாது. கட்டிய பணத்துக்கு அறை தரவில்லை என்று வங்கிக்கும் எழுதலாம். நியாயமான பதில் வராவிட்டால் இங்கே புகார். "சலவைக்கூடத்துப் புத்தகம் கிடைச்சா நல்ல சாட்சி," என்றும் சொன்னார்.

புத்தகத்தைக் கேட்டதும் சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். "விடுதிக்காரங்க துணி அனுப்பறதை நிறுத்திட்டா நம்ம பதினோரு பேரும் எங்கேக்கா போறது?" சித்தி வற்புறுத்தவில்லை. புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் கடிதம் சொன்னாள். நான் அதை நிறுவனங்களுக்கு எழுதுகிற கடித நடையில் எழுதினேன். அதில் ஒரு கேள்வி இருந்தது: 'நீங்கள் நிரம்பிவிட்டதாகச் சொன்ன நாட்களில் கடல் பக்கத்தில் எந்தெந்த எண் அறைகள் நிரம்பியிருந்தன?'

விடுப்புக்கு இரண்டு நாள் முன்பு பதில் வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதே தேதியில், அதே கரையில், இன்னொரு விடுதியில் கடல் பார்த்த அறை தருகிறார்களாம். கூடவே கையெழுத்துக்கு ஒரு தாள்: 'விளம்பரத்தில் தவறு இல்லை. எனக்குக் குறை எதுவும் இல்லை. எங்கும் புகார் செய்ய மாட்டேன்.'

சித்தப்பா ஏற்கெனவே பையில் துணி அடுக்கியிருந்தார். சித்தி தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இதுல கையெழுத்துப் போட்டா நாளை மறுநாள் கடற்கரையில இருப்போம்."

"போடலைன்னா?"

"வீட்லதான். உங்க நாலு நாளும் வீணாப் போயிடும். நீங்களே சொல்லுங்க."

அவர் பையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "போட்டுட்டு வந்தேன்னா அங்க உக்காந்து நாலு நாளும் புலம்புவே. அதை இங்கயே ஃபேனுக்கு அடியில கேட்டுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. "பணத்தை வாங்கிட்டு, ஏமாத்திட்டு, ஏமாத்தலைன்னு என் கையாலயே எழுதி வாங்கப் பாக்கறாங்க பாருங்க," என்றாள். பேனாவை எடுத்து, அச்சடித்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, கீழே 'குறை இருக்கிறது' என்று எழுதி அதற்கடியில் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகல் நிறுவனத்துக்கு, ஒன்று வங்கிக்கு, ஒன்று அலுவலகத்துக்கு.

விடுப்பின் முதல் நாள் காலை இருவரும் அந்த அலுவலகத்தில் இருந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் வயதான ஒரு தம்பதி, கையில் அதே விளம்பரத் தாள்.

"உங்களுக்கும் ஃபுல்னுதான் சொன்னாங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"ஆமாம்மா. மூணு தடவை போன் பண்ணிட்டோம்."

"இனிமே போன் பண்ணாதீங்க." சித்தி நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எழுதிக் கேளுங்க. எந்த நம்பர் அறைன்னு முதல்ல கேளுங்க."