ரஞ்சனா தவழ்ந்த நாள்

ராஜ்மோகன் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு டாடாநகர் போவார், வருவார். எப்போது கிளம்புவார் என்பது டிரைவர்களுக்கு வேலை பிரிக்கும் லாபியிலிருந்து வரும் போனுக்குத்தான் தெரியும். எப்போது திரும்புவார் என்பது அந்தப் போனுக்கும் தெரியாது. பதினொரு வருட வேலையில் ஒரு சிக்னலைக்கூட அவர் தவறவிட்டதில்லை. மகள் விஷயத்தில்தான் ஒவ்வொன்றாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி வத்சலாவின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, உட்கார்ந்தால் அப்பம், தவழ்ந்தால் தவலை அடை, நடந்தால் அதிரசம். செய்து அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கவேண்டும். ஆடி மாத மழையில் மகள் ரஞ்சனா குப்புற விழுந்தபோது ராஜ்மோகன் காட்ஷிலாவுக்கு முன்னால் வேறு வண்டிக்கு வழிவிட்டு ஒரு லூப் லைனில் நான்கு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். துர்கா பூஜைக்கு முந்தின வாரம் அவள் உட்கார்ந்தபோது வெளியூரில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தார். வீடு திரும்பினால் ஃப்ரிட்ஜில் அவர் பங்கு மூடி வைத்திருக்கும். மகளின் இரண்டு சாதனைகளையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை, வாயால் தின்றிருந்தார்.

"தவழறதையாவது நான் பாத்துடணும்" என்று வத்சலாவிடம் சொல்லியிருந்தார். சொல்லி இரண்டு மாதமாயிற்று.

ரஞ்சனாவுக்குப் பத்து மாதம் நிறைந்துவிட்டது. தவழவில்லை. டாக்டர், "சில குழந்தைங்க லேட்டாதான் வரும், கவலைப்படாதீங்க" என்றார். கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் மட்டும் எல்லாரும் கவலைப்பட்டார்கள். பக்கத்து ஃபிளாட் கீதாஞ்சலி அதிகமாகக் கவலைப்பட்டாள். அவளை அந்தக் கட்டடமே 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். கவலைப்படும்போதெல்லாம் அவள் கை கம்பளி பின்னும். அதனால் அந்த ஜனவரியில் ரஞ்சனாவுக்கு மூன்று ஸ்வெட்டர், இரண்டு கம்பளிக் கால்சட்டை, நான்கு ஜோடி காலுறை, முகம் மட்டும் தெரிகிற ஒரு குரங்குக் குல்லா. கல்கத்தாக் குளிரைப் பற்றி வங்காளிகள் சொன்னால் தமிழர்கள் நம்பிவிடுவார்கள். வத்சலா ஒன்றைக்கூடக் கழற்றுவதில்லை.

ஓய்வு நாள் ஒன்றில் ராஜ்மோகன் காலையிலேயே மொசைக் தரையில் மகளுக்கு எதிரே குப்புறப் படுத்தார். இரண்டு கை தூரத்தில் தன் டார்ச்சை வைத்தார். ரஞ்சனா அதைப் பார்த்தாள். உடம்பை முன்னே தள்ளினாள். முழங்கால்கள் வழுக்கின. மறுபடி உந்தினாள். டார்ச் பக்கம் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போனாள். இன்னும் கொஞ்சம் உந்தி, இன்னும் பின்னால் போய், பீரோவுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டதும் அழுதாள்.

வத்சலா ஓடி வந்து தூக்கினாள். அவர் படுத்தபடியே இருந்தார்.

"வத்சலா, இவளுக்குப் பலம் இல்லாம இல்ல. சக்கரம் வழுக்குது."

"என்ன வழுக்குது?"

"பனிக்காலத்துல ஏத்தத்துல தண்டவாளம் ஈரமா இருக்கும். இஞ்சினுக்கு எவ்வளவு பவர் கொடுத்தாலும் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், வண்டி நகராது. அப்ப தண்டவாளத்துல மணல் தூவுவோம். இஞ்சின்லயே அதுக்குப் பெட்டி இருக்கு. மணல் விழுந்ததும் பிடிச்சுக்கும்."

"அதுக்கு? வீட்டுல மணல் கொட்டப் போறீங்களா?"

"கம்பளியக் கழட்டு. முட்டி தரையில படட்டும்."

கால்சட்டையும் காலுறையும் கழன்ற நேரத்தில்தான் பௌதி உள்ளே வந்தாள், கையில் ஐந்தாவது ஜோடி காலுறையோடு. குழந்தையின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று வங்காளத்தில் படபடத்தாள்.

"டாண்டா லேகே ஜாபே, குளிர் தாக்கிடும் ராஜ்மோகன். சளி பிடிச்சா யார் பார்க்கிறது? நீங்க டாடாநகர் போயிடுவீங்க."

"இடுப்புக்கு மேல ஒண்ணையும் கழட்டல பௌதி. மேல டார்ஜிலிங், கீழ மெட்ராஸ்."

"டார்ஜிலிங்ல பிள்ளைங்க தவழலையா?"

"அங்க மரத்தரை. பிடிமானம் உண்டு."

பௌதி காலுறையைக் கட்டிலில் போட்டாள். உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள்.

குரங்குக் குல்லாவும் மூன்று ஸ்வெட்டரும் வெறுங்காலுமாக ரஞ்சனா தரையில் இறங்கினாள். முழங்கால் தரையைப் பிடித்தது. நான்கு கால்களில் நின்றாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் வயிறு தரையை விட்டு எழும்பியிருந்தது. முன்னும் பின்னும் ஆடினாள், கிளம்பப்போகிற வண்டி குலுங்குவதைப் போல.

அப்போது லாபியிலிருந்து போன் வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் வர்ற வரைக்கும் பிரேக்குல வச்சிரு" என்றார். வத்சலா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செருப்பு மாட்டும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ரஞ்சனா இன்னும் ஆடிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் காலை டாடாநகர் ரன்னிங் ரூமிலிருந்து கூப்பிட்டார். "நகந்தாளா?"

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. "இல்லங்க. ஆடிக்கிட்டுதான் இருக்கா."

அதற்கு மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார். ரஞ்சனா வெறுங்காலோடு தரையில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, பௌதி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டடத்தில் யார் வீட்டில் என்ன மீன் வாங்கினார்கள் என்பதைக்கூடச் சொல்லாமல் இருக்கமுடியாதவள், அன்று தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள்.

ராஜ்மோகன் கைகால்கூடக் கழுவாமல் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து டார்ச்சை எடுத்து வைத்தார். "வாடா" என்றார்.

ரஞ்சனா வந்தாள். வலது கை, இடது முட்டி. இடது கை, வலது முட்டி. உள்ளங்கைகள் தரையில் பட்டுப் பட்டென்று சத்தம் போட்டன. குல்லா ஒரு கண்ணை மறைத்தது, அவள் பொருட்படுத்தவில்லை. நடுவே இருந்த நாற்காலியின் காலை வளைத்துச் சுற்றி, வேகம் குறையாமல் வந்து, டார்ச்சைக் கடந்து, அப்பாவின் யூனிஃபார்ம் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிறிய கை இழுத்த இழுப்பில் பதினொரு வருட டிரைவர் கொஞ்சம் சாய்ந்துபோனார். அவளைத் தூக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தூரம் தன் பலத்தில் வந்தவளைத் தூக்குவது மரியாதை இல்லை என்பதுபோல அவள் தலைமேல் கையை மட்டும் வைத்தார்.

"பாத்தீங்கள்ல?" என்றாள் வத்சலா.

"பாத்தேன்" என்றார்.

பத்து நிமிடத்தில் தட்டு வந்தது. ஓரம் சிவந்த தவலை அடை, நடுவில் வெண்ணெய். பௌதிக்கும் ஒன்று. முதல் வாய் போட்டபோதுதான் ராஜ்மோகனுக்கு அது உறைத்தது. தவலை அடைக்கு அரிசியும் பருப்பும் இரண்டு மணி நேரமாவது ஊறவேண்டும். இன்னொன்றும் உறைத்தது. புது லைனில் எந்த டிரைவரும் வளைவில் அப்படி வேகம் குறைக்காமல் வரமாட்டான். பலமுறை போய்வந்து பாதை பழகியவன்தான் வருவான். அந்த நாற்காலிக் கால் ரஞ்சனாவுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

வத்சலாவைப் பார்த்தார். அவள் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பௌதியைப் பார்த்தார். அடை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரைக் கூட்டாமல் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். வத்சலா, பெற்ற குழந்தையின் முதல் தவழலைப் போனில் மறைத்து, அவருக்காக எடுத்து வைத்திருக்கிறாள். ஃப்ரிட்ஜில் இத்தனை நாள் அவர் பங்கை எடுத்து வைத்ததும் அவள்தானே.

ராஜ்மோகன் தட்டை நீட்டினார். இன்னொரு அடை வாங்கிச் சாப்பிட்டார்.

"அடுத்து நடந்தா அதிரசமா?"

"ஆமா."

"அதுக்கு மாவு எப்பப் பிசைஞ்சு வைக்கணும்?"

வத்சலா யோசிக்காமல் சொன்னாள், "நாலு நாள் முன்னாடியே."

"சரி. நாலு நாள் முன்னாடியே பிசைஞ்சிரு" என்றார் ராஜ்மோகன். "நான் வந்து சேர்ற அன்னிக்குச் சரியா நடந்துடுவா."

வத்சலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பௌதிக்குப் புரியவில்லை, என்ன, என்ன என்று வங்காளத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். ரஞ்சனா அதற்குள் டார்ச்சை விட்டுவிட்டு வாசலை நோக்கிக் கிளம்பியிருந்தாள்.