ஆடிக்கு யாரை அனுப்புவது

என் வீட்டுக்காரர் இங்கே வந்த வருஷத்தை நினைத்தால் முதலில் பனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். விடியற்காலையில் நான் பேக்டரி பஸ் ஏற, தோட்டத்து ரோடு மெயின் ரோட்டைத் தொடுகிற சிம்பாங் வரைக்கும் கூட வருவார். மட்டைகளுக்கு நடுவே பனி தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நடக்கிறவர் முகமே பாதிதான் தெரியும். புதுக்கோட்டைக்குப் போய் நான் கட்டிக்கொண்ட மனுஷன், இந்த ரோட்டில் என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே, நிஜம்தானா என்று அடிக்கடி அவர் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அது நிஜமாகவே நீடிக்க இமிகிரேசன் மனசு வைக்க வேண்டும். பெண்டாட்டி என்கிற முறையில் நான்தான் அவருக்கு ஸ்பான்சர். பாஸ் கிடைத்தால் இருப்பார், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். உண்மையான கல்யாணம்தானா, ஒரே வீட்டில்தான் குடித்தனம் நடத்துகிறோமா என்று ஆபீசர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆடி பிறந்தது. கோலா பிலாவிலிருந்து என் அம்மா சீர்த்தட்டோடு வந்து நின்றார். முதல் ஆடிக்குப் புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமாம். சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்குமாம், வெயில் தாங்காதாம். "இந்த ஊர்ல பன்னெண்டு மாசமும் சித்திரைதானேம்மா, எந்தச் சித்திரைக்குப் பயப்படுறது?" என்றேன். "வாய மூடிட்டுத் துணிய எடுத்து வைடி. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். நான் வாயாடிதான், ஆனால் அம்மாவிடம் மட்டும் ஜெயித்ததில்லை. இவரும், "போய்ட்டு வா, எங்க ஊர்லயும் வழக்கந்தானே" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக் கொடுத்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அந்த நாட்கள் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இருக்கின்றன. கோலா பிலாவிலிருந்து பேக்டரிக்கு வேறு பஸ், வேறு ரோடு. மலை வளைவுகளில் பஸ் இறங்கும்போது கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவேன். ரந்தாவ் வீட்டு அடுப்படியில் அவர் சட்டையில்லாமல் நின்று ரசத்துக்குத் தாளிப்பார். கடுகு வெடிக்கிற வாசம்கூட வரும். கண்ணைத் திறந்தால் பேக்டரி வாசல்.

அப்படி ஒரு நாள்தான் ஆபீசர்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார்கள். அவர் மட்டும் இருந்தார். அலமாரியில் என் துணி இல்லை, வாசலில் என் செருப்பு இல்லை. மனைவி எங்கே என்று கேட்டதற்கு, தெரிந்த கொஞ்ச மலாயில், அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ஒரு மாசம் வரமாட்டாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். இரண்டு பேரையும் செரம்பான் இமிகிரேசன் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். போனில்தான் அவர் எனக்கு இதைச் சொன்னார்.

செரம்பானில் எங்களை விசாரித்த ஆபீசர் என் அம்மா வயசுள்ள ஒரு மலாய்க்காரப் பெண். "கல்யாணம் ஆகி நாலு மாசம். அதுக்குள்ள தனித்தனி வீடா?" என்றார். சித்திரை, வெயில், பிள்ளை என்று நான் ஆடியை மலாயில் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டு, "எங்க நெகிரி மலாய்க்காரங்க வழக்கத்துல ஆம்பளதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். வந்தவரைப் பார்த்துக்கிறது பொண்ணு வீட்டுக் கடமை," என்றார். "சரி, நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிட்ட. இவர் எந்த அம்மா வீட்டுக்குப் போனார்?"

எனக்குச் சுருக்கென்றது. பிறந்த வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தவள் நானில்லையே, அவரல்லவா? ஆடிக்கு யாரையாவது அம்மாவிடம் அனுப்ப வேண்டுமென்றால் அவரைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"தனியா என்ன செஞ்சார்னு கேளு," என்றார் ஆபீசர். கேட்டேன். இவர் குனிந்தபடியே சொன்னார். "சாயங்காலம் பேக்டரி பஸ் வர்ற நேரத்துக்கு சிம்பாங்ல போய் நிப்பேன். மத்தவங்க எல்லாம் இறங்குவாங்க. நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் பஸ் கிளம்புற வரைக்கும் நின்னுட்டு வருவேன்."

அதை மலாயில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அழுதுவிட்டேன். ஆபீசர் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அதற்கப்புறமும் கேள்விகளை விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் முடித்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரு வருஷத்துக்குப் பாஸ் கிடைத்தது.

பஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோமா மிதந்தோமா, தெரியவில்லை. பார்த்தால், என்னைக் கோலா பிலா பஸ் நிற்கிற பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். "ஆடி இன்னும் முடியலையே. அத்தை தேடுவாங்க," என்றார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நான் அங்க வரலம்மா. எங்க வீட்டுக்குப் போறேன்."

அம்மா கத்த ஆரம்பித்தார். வழக்கம் என்றார், மானம் என்றார், மூச்சு விடாமல் பேசினார். போனை இவர் கையில் திணித்தேன்.

"அத்தே," என்றார் மெதுவாக. "எனக்கு இங்க வேற யாருமே இல்லத்தே."

அந்தப் பக்கம் அம்மாவின் சத்தம் நின்றுவிட்டது.