வால்டருக்குக் கேட்காத லாரிகள்

வால்டர் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது துறைமுகம் அவருடைய காதுகளை வைத்துக்கொண்டது. முகத்துக்கு நேரே வந்து உரக்கச் சொன்னால்தான் விளங்கும். தெருவே அவருக்காகப் பரிதாபப்பட்டது, அவருக்கோ அதில் ஒரு குறையும் இல்லை. திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய அந்த வரிசை வீடுகளில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஜீவன் அவர்தான்.

மனைவி ஐரீனுக்குக் காது ரொம்பக் கூர்மை. துறைமுகத்துக்குள் விடும்வரை கன்டெய்னர் டிரெய்லர்கள் அவர்கள் வீட்டையும் தாண்டி வரிசைகட்டி நிற்கும். முன்னால் நிற்பவன் ஓரடி நகர்ந்தால் போதும், பின்னால் இருக்கும் இருபது பேரும் ஏர் ஹாரனை அழுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

"பத்து வருசமா கேட்டுகினு கீற. இன்னுமா பழகல?" என்பார் வால்டர்.

"காதுக்குப் பழகிச்சுய்யா. நெஞ்சுக்குத்தான் பழகல."

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் மகிமா எப்போது அளந்தாலும் பிரஷர் நூற்றெண்பதுக்குக் கீழே வராது. இரண்டு மாத்திரை மூன்றானது. ஓயாத சத்தமும் தூக்கமின்மையும் இதயத்தைக் கெடுக்கும், வேறு இடம் பாருங்கள் என்றாள் மகிமா. இந்த ரோட்டில் வீடு வைத்திருப்பவன் அதை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

ஐரீன் புனித ராயப்பர் கோயிலில் ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினாள். பிரஷர் இறங்கினால் வெள்ளியில் இதயம் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் டிரெய்லர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சாலை வெறிச்சோடியது. காக்கை கத்துவதுகூடக் கேட்டது. ஐரீன் பட்டப்பகலில் அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். பத்தாம் நாள் பிரஷர் நூற்று முப்பத்தாறு.

"நல்லா இறங்கியிருக்கும்மா. ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள் மகிமா.

வீட்டில் ஐரீன் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது வால்டர் அவள் கையைப் பிடித்தார்.

"ராயப்பரே கொணமாக்கிட்டாரு. அதுக்கப்பறமும் மாத்திரையா? அவருக்கு இன்னா மரியாத?"

"ரோடு அமைதியா கீதுய்யா. அதனாலதான் எறங்குச்சோ இன்னாமோ."

"எனக்கு எப்பவுமே அமைதியாத்தான் கீது. அதுக்கும் பிரஷருக்கும் இன்னா சம்பந்தம்?"

புருஷனும் சாமியும் ஒரே பக்கம் நின்றுகொண்டால் அவள் என்ன செய்வாள்? டப்பாவை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மறுநாள் இருவரும் போய் வெள்ளி இதயத்தைக் கோயிலில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் வேலைநிறுத்தம் முடிந்தது. தேங்கிக் கிடந்த சரக்கெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியதில் டிரெய்லர்கள் மூன்று வரிசையாக நின்றன. இரண்டு நாள் ஐரீன் கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் காலை வால்டர் வாசலைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் விழுந்தது அவருக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டாளோ என்னவோ, அதுவும் கேட்கவில்லை. கடைசிப் பக்கம்வரை படித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இனி பெரிதாகத் தேற வழியில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இப்போது மாத்திரையை நேரம் தவறாமல் அவரே கொடுக்கிறார். ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் கம்பளியும் தொங்கவிட்டிருக்கிறார். சத்தம் குறைந்ததா என்று அவருக்குத் தெரியாது, அவளால் சொல்லவும் முடியாது. அதனால் கட்டிலருகே உட்கார்ந்து அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருக்கிறார். விரலுக்கடியில் நாடி திடீரென்று துள்ளும். எழுந்து போய்க் கம்பளியை விலக்கிப் பார்ப்பார். வாசலில் ஒரு டிரெய்லர் நகர்ந்துகொண்டிருக்கும்.