கடைசிப் பிள்ளையின் புத்தகம்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர். கிறிஸ்துமஸுக்கு வாங்கும் புத்தகம் ஒன்றுதான்.

அது அக்காவுக்கு. அக்காவின் போன வருஷத்துப் புத்தகம் அண்ணனுக்கு வரும். அண்ணனுடையது எனக்கு. எனக்குப் பின்னால் தம்பி. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா எங்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கிழிந்த பக்கங்களைப் பசை வைத்து ஒட்டி, பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதுப் பழுப்புத் தாள் போடுவார். மேலே அடுத்த பிள்ளையின் பெயரைத் தம் இனிஷியலோடு எழுதுவார். ஹார்பர் கிடங்கில் சாக்குகளுக்கும் பெட்டிகளுக்கும் குறி எழுதுவது அவர் வேலை. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். காலையில் சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஆளுக்கொரு புத்தகம் கைக்கு வரும். பழசு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மேலே இருக்கும் பெயர் புதுசல்லவா.

அன்றிலிருந்து புது வருஷம் வரைக்கும் இரவில் சாப்பிட்டு முடித்ததும் அவரவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். அக்கா ஒரு வருஷமும் அண்ணன் ஒரு வருஷமும் வாசித்த கதையை நான் வாசித்தாலும், அடுத்து என்ன ஆகுமோ என்கிற முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு ஒன்பது வயதில் கைக்கு வந்தது, ஒரு பையன் கழுதை மேல் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போகிற கதை. நடுவில் முழுப் பக்கத்துக்குக் கழுதைப் படம். அந்த வருஷம் தம்பி எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தான். வருகிற கிறிஸ்துமஸுக்கு அவனுக்கும் முறை உண்டு என்று அப்பா சொல்லிவிட்டார். என் கழுதை அவனிடம் போகப் போகிறது. எனக்கு அதைக் கொடுக்க மனசே இல்லை. அவனுக்கோ பொறுமை இல்லை.

"அக்கா, கிறிஸ்துமஸ் வந்துருச்சா?" என்று என்னிடம் வந்து நிற்பான்.

"இன்னும் வரலடா."

"கழுதைய மட்டும் பாத்துட்டுத் தரேன்."

"எச்சி தொட்டுப் புரட்டுவே. போடா."

வருஷம் முழுக்க இதே பேச்சு.

அந்த டிசம்பர் லீவில் கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் வந்தார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அப்பாவோ ஹார்பரில் வேலை குறைந்து, பாதி நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். தம்பியை லீவுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். அம்மா அவன் துணிகளையெல்லாம் மடித்து வைத்தார், அவன் போர்த்திக்கொண்டு தூங்கும் பழைய கைலியையும் சேர்த்து.

"லீவுக்குப் போறதுக்கு எதுக்கும்மா இம்புட்டு துணி?" என்று அண்ணன் கேட்டான்.

"ஒன் வேலையப் பாருலா" என்றார் அப்பா.

தம்பி மூன்று சக்கர திரிஷா வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "என் புக்கு?" என்றான். கிறிஸ்துமஸ் வரட்டும் என்றேன். சரி என்று தலையாட்டினான்.

பண்டிகைக்கு முந்தின நாள் வழக்கம்போல் அப்பா எங்களிடமிருந்து புத்தகங்களை வாங்கினார். அக்காவுடையது அண்ணனுக்குப் போனது. அண்ணனுடையது எனக்கு வந்தது. என் கழுதைப் புத்தகத்தை மட்டும் அப்பா இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"இது ஒன்கிட்டயே இருக்கட்டும்லா."

அம்மா பாயை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். எனக்கு இரண்டு புத்தகம் கிடைத்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். யார் மனசாவது மாறிவிடப் போகிறதே என்று இரண்டையும் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். அந்த வருஷம் வாசிக்கும்போது அம்மா வந்து உட்காரவில்லை. வெங்காயத்தை உள்ளேயே உரித்தார்.

பள்ளிக்கூடம் திறந்தும் தம்பி வரவில்லை. அங்கேயே சேர்த்துவிட்டார்களாம், பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கமாம். ராத்திரி பாயில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கும். அவன் இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசலில் திரிஷா மணி கேட்டால் முதலில் புத்தகத்தைத்தான் ஒளித்து வைப்பேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சின்னம்மா சித்தப்பாவோடு தம்பி வந்தான். காலில் ஷூ, பாக்கெட் வைத்த நீளக் கால்சட்டை. எங்கள் மூன்று பேருக்கும் கலர்த் தாள் சுற்றிய புத்தகம் கொண்டு வந்திருந்தான். எனக்கு முன்னால் யாரும் வாசிக்காத முதல் புத்தகம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அம்மா தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும் பெரியம்மா" என்றான் தம்பி.

அம்மா இன்னும் இரண்டு வைத்தார். அப்பாவையும் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னை எப்போதும் போல அக்கா என்றான், அண்ணனை அண்ணே என்றான். பிள்ளைகளான எங்களுக்குள் முறை எதுவும் மாறவில்லையே.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம் தம்பி தவறிவிட்டான். துக்க வீட்டில் எனக்கு நாற்காலி போட்ட அவன் மருமகள் ஒருத்தி, "பாட்டி, நீங்க மாமாவுக்கு என்னா வேணும்?" என்று கேட்டாள். எனக்கு எப்போதும் பேச்சு வர நேரமாகும். அதற்குள் பக்கத்திலிருந்தவர், "பெரியம்மா மகள்லா" என்று சொல்லிவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தம்பியும் அவர்களும் கிளம்புகிற நேரத்தில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கையில் என் கழுதைப் புத்தகம். புதுப் பழுப்புத் தாள் போட்டிருந்தது. மடிப்பு சரியாக இல்லை, அம்மாவே போட்டிருக்க வேண்டும்.

"தம்பி பேர எழுதும்மா."

"அப்பாதானே எழுதுவாங்க?"

"நீ எழுது."

புதுப் புத்தகம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அப்பா எழுதுவது போலவே முதலில் அப்பாவின் இனிஷியல், பிறகு அவன் பெயர். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கோணிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. மை வேறு பரவிவிட்டது. அம்மா ஊதி ஊதிக் காயவைத்தார்.

ஃபெரி ஏறும் இடம் வரைக்கும் அம்மாவும் நானும் போனோம். அம்மா புத்தகத்தை நீட்டியதும் தம்பி கையை நீட்டினான். சின்னம்மா குறுக்கே வாங்கி, அட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அவன்கிட்ட நெறைய கெடக்கு அக்கா. ஒங்க புள்ளைங்களுக்கே இருக்கட்டும்."

தம்பி நீட்டிய கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். மணி அடித்துவிட்டது என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது அம்மா புத்தகத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்குத் தலை தூக்க முடியவில்லை. என் எழுத்தைப் பார்த்துத்தான் சின்னம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவ்வளவு கோணலாகப் பெயர் எழுதிய புத்தகத்தை யார்தான் வாங்குவார்கள். அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மறுநாள் காலையிலேயே சிலேட்டை எடுத்துவைத்து எழுதிப் பழக ஆரம்பித்தேன். அப்பாவின் இனிஷியல், தம்பி பெயர். அழிப்பேன், மறுபடி எழுதுவேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"என்னம்மா எழுதுறே?"

இனிஷியலோடு சேர்த்து வாசித்துக் காட்டினேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அழகாக எழுதித் தருகிறேன், அப்போது சின்னம்மா வாங்கிக்கொள்வார் என்றேன்.

அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையில் வெங்காயம் இல்லை.

"இன்னொரு தடவ வாசி" என்றார்.